திரும்பப் பெற்ற ஆய்வேடு

இரண்டாமாண்டு வகுப்பில் வெப்பச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது வளர்மதி மேடத்தின் கணவர் கதிர்வேல் அழைத்தார். "சார், வளர்மதி போயிட்டா சார்" என்றார். "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். அந்த மடத்தனமான கேள்விக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். காலையில் தலைவலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். மூளையில் ரத்தக்கசிவு. திருச்சிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பலகையில் பாதி எழுதிய சமன்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணிதத் துறையில் நாங்கள் அடுத்தடுத்த மேசைக்காரர்கள். அவர் முந்திரி விளையும் ஆண்டிமடத்திலிருந்து பஸ் மாறி மாறி வருவார். சேர்ந்த புதிதில், ஊரைக் கேட்டவர்கள் எல்லோரும் முந்திரிப்பருப்பு கொண்டுவரச் சொன்னோம். "நாங்க கொட்டையத்தான் சார் பாத்திருக்கோம். பருப்பெல்லாம் வெளியூருக்குப் போயிடும்" என்றார். மறுவாரமே ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து வைத்தார்.

வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். அது இல்லாவிட்டால் எங்கள் பிழைப்பில் பதவி உயர்வு கிடையாது. ஆள் குறைக்கும் காலத்தில் முதலில் வெட்டுவதும் பட்டம் இல்லாத தலையைத்தான். அவர் எடுத்துக்கொண்டது ஸ்ப்லைன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிமெண்டுச் சூளையின் சுவருக்குள் சூடு எப்படிப் பரவுகிறது என்பதற்குச் சமன்பாடு உண்டு. ஆனால் நேரடியாக விடை எழுத முடிகிற சந்தர்ப்பம் குறைவு. அதனால் சுவரின் கனத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சின்ன வளைகோடு போட்டு, ஒட்டுத் தெரியாமல் சேர்த்துக்கொண்டே போவார்கள். அந்தக் கோடுதான் ஸ்ப்லைன். கணினி அதைக் கணக்கிட்டு, ஏறக்குறைய சரியான விடையைத் தரும். எவ்வளவு சரி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேடத்தின் முறையில் துண்டின் அகலத்தைப் பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். சுருங்கியது. அட்டவணைகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு எங்களுக்கெல்லாம் வடை, டீ வாங்கிக்கொடுத்தார். வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதுவும் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மாலை மரியாதையோடு முடிகிற சடங்கு.

தேர்வுக்குத் தயாராகும்போது அவர் ஒரு வேண்டாத வேலை செய்தார். முறையைச் சோதிக்க எல்லோரும் எடுப்பது சைன் வளைவு. அவரும் அதைத்தான் எடுத்திருந்தார். ஒரு மாறுதலுக்கு, சூளையை மூட்டும்போது சுவரின் ஓரத்தில் சூடு ஏறிக்கொண்டே போவதை எடுத்துப் போட்டுப் பார்த்தார். துண்டைப் பாதியாக்கினார். ஓரத்தில் பிழை நாலில் ஒரு பங்குக்குத்தான் சுருங்கியது. நேரம் ஓட ஓட அந்தப் பிழை சுவருக்குள்ளும் நகர்ந்தது. இரண்டு ஓரங்களிலும் கோட்டின் வளைவு பூஜ்யம் என்று அவர் ஆரம்பத்திலேயே வைத்திருந்தார். சைன் வளைவுக்கு அது தற்செயலாக உண்மை. சூடு ஏறுகிற சுவருக்கு உண்மையில்லை. ஆய்வேடோ எந்தச் சுவருக்கும் பொருந்தும் என்று சொன்னது.

"சரியாயிருந்ததாலதான் சார் இத்தன வருசமும் தப்பு தெரியல" என்று என்னிடம் காட்டினார்.

ஆய்வு நெறியாளரிடம் அவர் இதைப் பேசியபோது நானும் கூட இருந்தேன். ஓய்வுபெறப் போகிற மனிதர், கெட்டவரும் இல்லை. "யாரும்மா அதையெல்லாம் போட்டுப் பாக்கப் போறா? பட்டத்த வாங்கிட்டு அப்புறம் சரி பண்ணிக்க" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. என் ஆய்வேட்டை நூலகத்திலிருந்து இதுவரை யாரும் எடுத்ததில்லை, நான் உட்பட. மேடம் குனிந்தபடியே, "நான் போட்டுப் பாத்துட்டேனே சார்" என்றார். அந்த வாரமே எழுதிக்கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அதற்குப் பின் நடந்தது எல்லாம் இறக்கம்தான். நெறியாளர் ஓய்வுபெற்றார். வேறு யாரும் ஏற்க முன்வரவில்லை. பதிவுக்காலம் காலாவதியானது. கல்லூரியில் சேர்க்கை குறைந்தது. அவரை மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்குகிறவராக மாற்றினார்கள். அவர் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் பட்டத்தோடு வந்து அவருக்கு மேல் உட்கார்ந்தார்கள். அவர்களையும் எழுந்து நின்றுதான் வரவேற்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனாலும் கணக்கை விடவில்லை. ஓரத்து வளைவைத் தானாக ஊகிக்காமல், சமன்பாட்டிடமே கேட்டு வாங்குகிற வழியைப் பிடித்தார். பாதியாக்கினார். ஓரத்திலும் பதினாறில் ஒரு பங்கு. அன்று மட்டும் என் மேசையைத் தட்டி, "சார், வந்துடுச்சு" என்றார். கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது. முறை சரி, ஆனால் நிபுணர்களுக்கு முன்பே தெரிந்தது, புதுமை இல்லை என்று ஒரே பத்தி.

"தெரிஞ்சதுதான்னு எழுதியிருக்காங்க சார்" என்று சிரித்தார். "தெரிஞ்சவங்க முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்." பிறகு பையை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயிட்டு வரேன்" என்று கிளம்பினார்.

நேர்மைக்கு என்றாவது கூலி உண்டு என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். எழுந்து வெளியே போய்விட்டேன். எந்தக் கூலியும் வரவில்லை. இனி வரவும் வழியில்லை. இதிலிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு பாடமும் கிடைக்கவில்லை.

அடக்கத்துக்கு ஆண்டிமடம் போயிருந்தேன். கதிர்வேலின் உரக்கடைக்கு எதிரே கண்ணீர் அஞ்சலிப் பேனர் கட்டியிருந்தார்கள். கல்லூரி அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, கீழே சிவப்பில் 'முனைவர் வளர்மதி' என்று போட்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு கதிர்வேல் பக்கத்தில் வந்தார்.

"நான்தான் சார் போடச் சொன்னேன்."

அவரும் பேனரை அண்ணாந்து பார்த்தார்.

"தப்புன்னு தெரியும். அவ இருந்தா வூட்டுக்குள்ள சேத்திருக்க மாட்டா. ஆனா அத்தன வருசம் பஸ்ஸுல ஓடுனாளே சார். இந்த நாலு எழுத்துகூட அவளுக்குக் கெடையாதா?"

மேடம், நீங்கள் இருந்திருந்தால் நீங்களே ஏணி போட்டு ஏறி அந்தச் சொல்லைக் கத்தரித்திருப்பீர்கள். நான் கழற்றச் சொல்லவில்லை. உங்கள் பெயருக்கு முன்னால் ஒரு பொய்யை, பொய் என்று தெரிந்தே, நடுத்தெருவில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். போய் வாருங்கள்.