கஞ்சி கணக்கில் வராது

எங்கள் தெருவில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தால் "தேறிட்டான்" என்பார்கள். பரீட்சையில் பாஸானாலும் அதே சொல்தான். எங்கள் குடும்பத்தில் பரீட்சையில் தேறிய முதல் ஆள் நான். உடம்பும் அப்படித் தேறியதுதான் வினையாகப் போயிற்று.

இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷனை நான் செய்துகொண்டது, சர்க்கரை என்னையும் கொண்டுபோய்விடக் கூடாது என்றுதான். அப்பாவை அதுதான் கொண்டுபோனது. கொத்தனார் வேலை பார்த்தவர், கடைசியில் சட்டை மட்டும் தொங்குகிற மாதிரி ஆகித்தான் செத்தார். அதனால் அம்மாவுக்கு இளைப்பது என்றாலே சாவு. என் எடையும் சர்க்கரையும் இறங்க இறங்க மருத்துவமனையில் கைகொடுத்துப் பாராட்டினார்கள். கீழ்க்கட்டளை வீட்டில் அம்மா அழுதாள்.

"கழுத்தெலும்பு தெரியுது, நல்லா கீறேன்னு சொல்றியேடா."

சோறு நாலு வாய்க்கு மேல் இறங்காது. மீறினால் நெஞ்சில் கல்லாக நிற்கும். அம்மா சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, வெல்லமும் நெய்யும் விட்டு, பிளாஸ்க்கில் ஊற்றித் தந்தாள். அது எங்கும் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பகல் முழுக்க உறிஞ்சினேன்.

இரண்டாவது வருடம் சட்டை இறுகியது. இஸ்திரி வண்டி அக்கா அம்மாவிடம், "உம்புள்ள தேறிட்டாம்மா, மாப்ள மாறி கீறான்" என்றார். அம்மா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். அந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். சர்க்கரை திரும்ப ஏறியிருந்தது.

மருத்துவமனையில் டயட்டீஷியன் கேட்டார். "காலைல என்ன சாப்பிடறீங்க?"

"ஒரு இட்லி, மேடம்."

"மதியம்?"

"நாலு வாய் சோறு. நைட் பாதி தோசை."

"இதுல வெயிட் ஏறாதே சார். எதையாவது விட்டுட்டீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. நான் பொய் சொல்லவில்லை. "சரி, என்ன குடிக்கறீங்க?" என்று அவர் மாற்றிக் கேட்ட பிறகுதான் கஞ்சி வாயில் வந்தது. எங்கள் வீட்டில் கஞ்சியைச் சாப்பிட்டதாக யாரும் சொன்னதில்லை. சோறு இல்லாத நாளில் குடிப்பது, சுரம் வந்தால் குடிப்பது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "இனிமே கஞ்சி வேணாம்மா. சர்க்கரை திரும்ப வந்துடுச்சு."

"கஞ்சியிலயா? கொழந்தைக்கு குடுக்கறதுடா அது."

"அதுல வெல்லம், நெய்யி. அதான் ஏறுது."

அடுப்பை அணைத்தாள். "அப்ப அந்த நோவ நாந்தான் குட்த்தேனா ஒனக்கு?"

"குடிச்சது நான்தானேம்மா" என்றேன். அவள் முகம் மாறவில்லை.

அதோடு கஞ்சி நின்றது. மதியத்துக்கு மேல் பசியில் கம்ப்யூட்டரில் எழுத்துகள் மங்கின. எடை மெல்ல இறங்கத் தொடங்கியது. தட்டு வைக்கும்போதெல்லாம் அம்மா என் மணிக்கட்டையே பார்த்தாள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கக் கிளம்பியபோது நல்ல புடவை கட்டிக்கொண்டு அவளும் வந்து நின்றாள்.

"நீ எதுக்கும்மா?"

"டாக்டர ஒண்ணு கேக்கணும்."

"இன்னா?"

"எது வரிக்கும் எளைக்கணும், எங்க நிக்கும்னு. உங்கப்பாவும் மொதல்ல இப்டி கொஞ்சமாத்தான் எளைச்சாரு."

பல்லாவரம் பஸ் வந்தது. முன்வாசலில் அவள் ஏறினாள். நான் பின்வாசலில் ஏறினேன்.