மாட்டுங்காவில் மூன்று மணி நேரம்

மகளுக்கு அப்போது மூன்று வயது. நான் செம்பூர் ஆபீசுக்குத் திரும்பியாக வேண்டும். அவளை எங்கே விடுவது என்று தெரியாமல் இரண்டு மாதம் மதில்மேல் பூனையாக இருந்தேன்.

தாராவியில் எங்கள் சந்திலேயே ஓர் அக்கா பத்துப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். தமிழும் சோறும் தூக்கமும் அங்கே தாராளம். மாட்டுங்காவில் ஒரு பிளே ஸ்கூல் இருக்கிறது. அங்கே இங்கிலீஷும் இந்தியும்தான். காலையில் அக்கா பக்கம் சாய்வேன். மதியம் யாராவது தன் பிள்ளை இங்கிலீஷில் ரைம்ஸ் சொல்லும் வீடியோவை அனுப்பினால் மாட்டுங்கா பக்கம் தாவிவிடுவேன்.

"எதுக்குளா இப்படி அல்லாடுத? அக்காட்ட விடு. பிள்ள சிரிச்சிட்டுக் கெடக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாமதான் இங்கிலீஷ்னா ஒதுங்கி நிக்கோம். அவளுமா நிக்கணும்?" என்று எரிந்து விழுந்தேன். அவர் சொன்னது சரியென்றும் தோன்றியது. அதனால்தான் அவ்வளவு கோபம்.

பிளே ஸ்கூலில் ஒருநாள் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். ஒத்துவந்தால்தான் அட்மிஷன். ஒரு வாரம் நிறங்களையும் பழங்களையும் இங்கிலீஷில் உருப்போட வைத்தேன். போகும்போது பஸ்ஸில், "உள்ள தமிழே பேசப்பிடாது, என்ன?" என்றேன். தலையாட்டினாள்.

மூன்று மணி நேரம் வாசலில் நின்றேன். அழுகைச் சத்தமே கேட்கவில்லை. அழுதிருந்தால் முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்குமே என்றுகூட நினைத்தேன், வெட்கக்கேடு. கதவு திறந்தது. பிள்ளை ரொம்பச் சமத்து, தொந்தரவே இல்லை என்று மிஸ் இந்தியில் மெச்சினார். சேர்த்துக்கொள்கிறோம் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தெருவுக்கு வந்ததும் மகள் என் துப்பட்டாவை இழுத்தாள்.

"அம்மா, இப்பத் தமிழ் பேசலாமா?"

"பேசு மக்கா."

"ஒண்ணுக்கு வருது."

"எப்ப இருந்துடீ வருது?"

"உள்ள போனதுல இருந்து."

அவளைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த ஓட்டலுக்கு ஓடினேன். பாதி ரோட்டைக் கடப்பதற்குள் என் இடுப்பு நனைந்தது. நான் திட்டவில்லை. திட்டுவதென்றால் என்னைத்தான் திட்ட வேண்டும். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "சாரி மிஸ்" என்றாள்.

அது நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் இல்லை. மூன்று மணி நேரத்தில் அவளே உள்ளே கற்றுக்கொண்டது. அவளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் டாக்சிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.