மாஸ்டர் பக்கத்து பிரேக்

“யோசிச்சுட்டு வந்து சொல்லுங்கம்மா” என்று எலும்பு டாக்டர் சொல்லி அனுப்பிய நாளிலிருந்து மாஸ்டர் ஓரிடத்தில் உட்காரவில்லை. யோசிப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. வாழ்க்கையில் எல்லாவற்றையும் செய்துமுடித்த பிறகுதான் யோசித்திருக்கிறாள். கல்யாணம் அப்படி, சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் போட்டதும் அப்படி. இப்போது ஒரு முட்டிச் சில்லுக்கு ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடந்தாள், ஸ்கூலுக்குள் நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். எந்தக் காலைப் பற்றி யோசிக்க வேண்டுமோ அந்தக் காலையே நடந்து நடந்து வீங்க வைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் என்றதும் மீசையும் காக்கிச் சட்டையுமாக ஒரு ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய பெண். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் துடைக்கச் சேர்ந்து, துடைத்த காரை ஓட்டக் கற்று, ஓட்டத் தெரியாத படித்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்து, கடைசியில் தன் பெயரில் போர்டு மாட்டியவள். யார் தயவிலும் இல்லை. அந்தத் தெருவில் ஸ்டியரிங் பிடிக்கிற பெண்களில் பாதிப் பேர் அவள் கையால் கற்றவர்கள். நர்ஸ், வக்கீல், வங்கி மேனேஜர் என்று எத்தனையோ பேர் அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். “படிச்சவங்களுக்குத்தான் ரொம்ப நாள் சொல்லித்தரணும். காலுக்குப் போக வேண்டிய சேதி அவங்களுக்குத் தலையிலயே நின்னுடும்” என்பாள். தன்னிடம் படித்தவர்கள் முதல் டெஸ்டிலேயே பாஸ் என்பதை யாரும் கேட்காமலே சொல்வாள். பொய்யும் இல்லை. போன வருஷம் வரைக்கும் அது உண்மைதான்.

வலது முட்டியின் கதை பழையது. பள்ளிக்கூடத்தை விட்ட புதிதில், ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தபோது முதல் தடவை சில்லு நழுவியது. நழுவினால் பார்க்கச் சகிக்காது. முட்டி இருக்க வேண்டிய இடம் பள்ளமாகிவிடும், சில்லு காலின் வெளிப்பக்கம் போய் யார் வீட்டிலோ வந்து உட்கார்ந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் பிறகு நினைத்தபோதெல்லாம் நழுவ ஆரம்பித்தது. துணி காயப்போடத் திரும்பும்போது ஒரு தடவை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கும்போது ஒரு தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு காலை மெல்ல நீட்டி, கட்டைவிரலால் உள்ளே தள்ளினால் ‘டொக்’ என்று வந்து உட்காரும். இதைத் தானே செய்துகொள்வதில் மாஸ்டருக்கு ஏகப் பெருமை. பிள்ளை பெற்ற கதையைக்கூட அவள் இத்தனை பேரிடம் சொன்னதில்லை.

ஆனால் போன வருஷம் நழுவியது காருக்குள். பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. நாற்சந்தியில் கற்றுக்கொள்ள வந்த பெண் உறைந்துபோய் உட்கார்ந்துவிட, எதிரே லாரி வர, மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தாள். கார் நின்றது, லாரி போனது, சில்லும் போனது. அந்தப் பெண்ணுக்குத் தெரியக்கூடாது என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டு, “ஒண்ணுமில்ல, ஓரமா நிறுத்து” என்றாள். வியர்த்து ஊற்றியது. முட்டி தலையணை மாதிரி வீங்கியது. அதற்கு மேலும் இரண்டு தடவை நழுவிய பிறகுதான், வீட்டுக்காரர் விடாமல் பிடித்திழுத்து டாக்டரிடம் கொண்டுபோனார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமாகப் பேசினார். சில்லை அதன் பள்ளத்தில் பிடித்துவைத்திருக்கிற வார் கிழிந்து தொளதொளத்துப்போயிருக்கிறது, தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு தசைநாரை எடுத்துப் புது வாராகக் கட்டலாம் என்றார். கட்டினால் சில வாரம் ஊன்றுகோல், அப்புறம் முட்டிக்குப் பட்டை, பயிற்சி, மாதக்கணக்கில் பெடல் பக்கமே போகக்கூடாது. கட்டாவிட்டால் தொடைக்குப் பயிற்சி செய்துகொண்டு ஜாக்கிரதையாக இருக்கலாம், ஆனால் மறுபடி நழுவும், நழுவுகிறபோதெல்லாம் உள்ளே உரசித் தேயும். இரண்டுமே தப்பில்லை, முடிவு உங்களுடையது என்றார். மாஸ்டருக்கு இந்த மாதிரி பேச்சு பிடிக்காது. வலதா இடதா என்று கேட்டால் ரெண்டும் சரி என்கிற ஆளை அவள் காரில் ஏற்றமாட்டாள்.

“உங்கம்மாவா இருந்தா என்ன சொல்வீங்க?”

“எங்கம்மா நான் சொன்னா கேக்கவே மாட்டாங்கம்மா.”

மாஸ்டர் சிரித்துவிட்டாள். டாக்டர் அதோடு விட்டிருக்கலாம்.

“சில்லு நழுவாம நான் கட்டிடுவேன். நழுவிடுமோங்கிற பயத்தை நான் கட்ட முடியாது. அது நீங்களாத்தான் சரி பண்ணிக்கணும்.”

“பயமா? எனக்கா?” என்று எழுந்து வந்தவள்தான்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலையில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று எழுந்திருப்பாள், பல் தேய்த்து முடிப்பதற்குள் வேண்டாம் என்று ஆகிவிடும். வீட்டுக்காரர் தச்சர், வாயைத் திறந்தால் மரத்தூள்தான் வரும் என்று அவளே கேலி செய்கிற அளவுக்குப் பேசாதவர். அவர் ஒரே ஒரு தடவை, கதவு ஒழுங்காக மூடவில்லையென்றால் கீலை மாற்றுவோம், கதவைத் திட்டிக்கொண்டிருக்கமாட்டோம் என்றார். நான் என்ன கதவா என்று இவள் எகிற, அவர் இழைப்புளியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். அக்காவுக்குப் போன் போட்டாள். இத்தனை வருஷம் உன்னைச் சுமந்த காலை எதற்குக் கிழிக்கக் கொடுக்கிறாய் என்று அக்கா அழுதாள். அக்கா அழுதால் இவளுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் செய்தே தீருவேன் என்பாள். போனை வைத்ததும் அந்த வேகமும் இறங்கிவிடும்.

உண்மையில் அவளைக் குடைந்தது ஸ்கூல்தான். மாதக்கணக்கில் மூடினால் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளெல்லாம் தெருமுனையில் இருக்கிற மீசைக்காரர் ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வரவா போகிறார்கள்? அதுவும் இந்த நேரத்தில். ஸ்கூலின் பெயர் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. அவளிடம் கற்றவர்கள் வரிசையாக டெஸ்டில் ஃபெயில் ஆனார்கள். எல்லோரும் ஒரே தப்பு: வெள்ளைக் கோட்டில் நிறுத்தச் சொன்னால் கோட்டைத் தாண்டிப் போய் நின்றார்கள். மாஸ்டர் முதலில் இன்ஸ்பெக்டரைத் திட்டினாள், பிறகு அவர்கள் போட்டுவந்த செருப்பைத் திட்டினாள். கணக்கு டீச்சர் ஒருத்தி இரண்டாம் தடவையும் ஃபெயிலாகி வந்து நின்றபோது, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஃபெயிலாக்கின கையாச்சே என்று கிண்டலடித்தாள்.

கணக்கு டீச்சர் சிரிக்கவில்லை. “உங்ககூட வர்றப்ப கார் தானா நிக்குது மாஸ்டர். அங்க நிக்க மாட்டேங்குது.”

“தானா நிக்கிற கார் எங்க விக்குதுன்னு சொல்லுங்க டீச்சர், நானும் ஒண்ணு வாங்கிக்கறேன்.”

அந்த வாரம் காரை சர்வீசுக்கு விட்டிருந்தாள். மெக்கானிக்குக்கு ஸ்பேனர் என்று பட்டப்பெயர், அவ்வளவு ஒல்லி. எடுக்கப் போனபோது அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டான்.

“அக்கா, லாரி விவகாரத்துக்கு அப்புறம் ரெண்டு பக்கத்து பிரேக்குக்கும் ஒரே நாள்ல புது ரப்பர் போட்டது நான்தானே? இதைக் கொஞ்சம் பாருங்க.”

பார்த்தாள். கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்து பெடலில் ரப்பரின் வரிகள் அப்படியே இருந்தன. மாஸ்டர் பக்கத்து பெடலில் வரியே இல்லை. வழுவழுவென்று தேய்ந்து, வலது ஓரத்தில் இரும்பு பல்லிளித்தது.

“பாடம் நடத்துறீங்களா, வண்டி ஓட்டுறீங்களாக்கா?” என்று கேட்டு ஸ்பேனர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான்.

உன் வேலையைப் பாரு என்று சொல்லிவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் இரண்டு தெரு தாண்டியதும் காரை ஓரங்கட்டி, இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தாள். வலது கால் யாரும் சொல்லாமலே போய் பிரேக்கின் மேல் படுத்தது. லேசாக அழுத்தியது. எஞ்சின் ஓடவில்லை, பக்கத்தில் யாரும் இல்லை, நிறுத்த வேண்டியதும் ஒன்றுமில்லை. காலை எடுத்துக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டுக் குனிந்தால், கால் மறுபடி பெடல் மேல் இருந்தது.

லாரிக்குப் பிறகு ஒருநாளாவது ஓங்கி மிதித்திருக்கிறாளா? இல்லை. ஓங்கி மிதிக்கிற நிலைமை வரவே விட்டதில்லை. சந்து தெரிந்தால் அழுத்தம், சைக்கிள் தெரிந்தால் அழுத்தம், கோடு கண்ணில் படுவதற்கு முன்னாலேயே அழுத்தம். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தாங்களே நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு ஓட்டிப் பழகியிருக்கிறார்கள். டெஸ்டில் பக்கத்து சீட்டில் மாஸ்டரின் முட்டி இல்லை. கார் எப்படி நிற்கும்?

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என்ன என்று கேட்டதற்கு, ஸ்பேனர் அதிகப்பிரசங்கி என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை கணக்கு டீச்சர் வருவதற்கு முன்னால் தன் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளிவைத்தாள். காலை நீட்டிப் பார்த்தாள், பெடல் எட்டவில்லை. டீச்சரிடம் மூச்சுவிடவில்லை. சரக்குக் கிடங்குகள் இருக்கிற காலித் தெருவுக்கு விடச் சொன்னாள். கிடங்கு வாசலில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு, அங்கே நிறுத்துங்க என்றாள். கார் கோட்டைத் தாண்டி, கிடங்குச் சுவரையும் பாதி தாண்டிப் போய் நின்றது. சுற்றிக்கொண்டு வரச் சொன்னாள். மறுபடி தாண்டியது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். மாஸ்டர் திட்டாதது அவளுக்குப் பயமாக இருந்தது. இங்கே மாஸ்டரின் கால் வெறும் தரையில் துடித்துக்கொண்டிருந்தது. அதை அடக்க வலது தொடையைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

மறுபடி சுற்றி வந்தபோது கிடங்கிலிருந்து ஒரு வேன் ரிவர்ஸிலேயே வெளியே வந்தது. ஹாரனும் இல்லை, பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை. மாஸ்டரின் கை தொடையை விட்டது. கால் எகிறிப் போய் இல்லாத பிரேக்கை மிதித்தது. குதிகால் தரை விரிப்பில் சிக்கி முட்டி திருகியது. கார் குலுங்கி நின்றது. வேனுக்கும் காருக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய இடம் இருந்தது.

டீச்சர் ஸ்டியரிங்கை விடாமல், “நிறுத்தினது நீங்களா மாஸ்டர்?” என்று கேட்டாள்.

“இல்ல. என் கால் எட்டவே இல்ல. நீங்கதான்.”

டீச்சரின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு திரும்பியவள் மாஸ்டரின் முட்டியைப் பார்த்துவிட்டாள். இந்தத் தடவை சேலையை இழுத்து மூட மாஸ்டருக்குத் தோன்றவில்லை. காலை நீட்டி, கட்டைவிரலை வைத்தாள். விரல் தள்ள மறுத்தது. இத்தனை வருஷப் பெருமையும் அந்த விரலில்தான் இருந்தது. டீச்சர் குதிகாலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ‘டொக்’ என்று சில்லு உள்ளே வந்ததும் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.

“டாக்டர்கிட்ட போலாமா?”

“போகணும். அந்தாளு சொன்னது சரியாப் போச்சு. அதான் எரிச்சலா இருக்கு.”

முடிவு அதற்கு மேல் மாறவில்லை என்று சொன்னால் பொய். தேதி வாங்கிய பிறகும் தினம் ஒரு தடவை மாறியது. ஆனால் ஒவ்வொரு தடவை வேண்டாம் என்று தோன்றும்போதும் அந்த வழுவழுப்பான ரப்பர் கண்ணில் வந்தது. சீட்டைப் பின்னால் தள்ளிவைத்தபடியே மீதிப் பிள்ளைகளை ஓட்டவைத்தாள், தொண்டை கட்டிப்போகும் வரை கத்தினாள். கணக்கு டீச்சர் பாஸானாள். கடைசியில் யார் வாசலை மிதிக்கமாட்டேன் என்றிருந்தாளோ அந்த மீசைக்காரரிடமே போய், தான் படுத்திருக்கிற மாதங்களுக்குத் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். உன் பிள்ளைகள் லேட்டாக பிரேக் போடுவார்களாமே என்று அவர் மீசையைத் தடவினார். அது என் கால் செய்த கோளாறு, அவர்கள் மேல் ஒரு சொல் விழக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். தண்ணீர் குடிக்கிறாயா என்று அவர் கேட்டது காதில் விழாதது போல் நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேருகிற அன்று காரை ஓட்டியது கணக்கு டீச்சர்தான். பக்கத்தில் வீட்டுக்காரர். மாஸ்டர் பின் சீட்டில், காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு. தன் காரின் பின் சீட்டில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. உட்காருவதா அது? சந்துக்குச் சந்து எக்கி எக்கிப் பார்த்தாள். வலது பாதம் கதவின் உள்பக்கத்தை அழுத்தியபடியே வந்தது.

“பிரேக்.”

“போட்டாச்சு மாஸ்டர்.”

“சைக்கிள் வருது.”

“அது போயே போச்சு மாஸ்டர்.”

கதவு பாவம், விட்டுடு என்றார் வீட்டுக்காரர் திரும்பாமலே.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். கார் அதற்குச் சரியாக முன்னால், குலுங்காமல் நின்றது. மாஸ்டர் கதவுக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிச் சக்கரத்தையும் கோட்டையும் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே சக்கர நாற்காலியோடு ஒரு ஆள் அவர்களைப் பார்த்து வர ஆரம்பித்தார். மாஸ்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“வண்டி கோணலா நிக்குது டீச்சர். இன்னொரு சுத்து சுத்திட்டு வந்து நிறுத்துங்க.”

டீச்சர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். பிறகு மாஸ்டர் எத்தனையோ தடவை கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தபடியே, முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், எஞ்சினை அணைத்தாள், சாவியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.