கட்சுமியின் ரத்தம்

ஜப்பானில், ஒனோமிச்சி ஊரில் கட்சுமியின் முடிதிருத்தகத்துக்குப் போனால், தலையைத் தொடுமுன் ரத்தத்தைத்தான் விசாரிப்பார். "நீங்க என்ன வகை?" பி என்று சொன்னால் தீர்ந்தது. "அதான் சொன்ன நேரத்துக்கு வரல" என்று துண்டை உதறுவார். ரத்த வகைதான் குணத்தைச் சொல்லும் என்பது அவர் நம்பிக்கை. அவர் ஏ வகை. ஏ என்றால் ஒழுங்கு. சீப்புகள்கூட உயர வரிசையில்தான் நிற்கும். காலையில் தொலைக்காட்சியில் ராசிபலன் மாதிரி ரத்த வகைப் பலன் சொல்லும்போது ஏ முதலிடம் பிடித்துவிட்டால், அன்றைக்கு மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது.

அப்பேர்ப்பட்டவர் சில நாளாக யாரிடமும் ரத்த வகை கேட்கவில்லை. ஒசாகாவில் கர்ப்பமாக இருக்கும் மகள் நகிசாவுக்கு முதல்முறையாக ரத்தம் பரிசோதித்திருந்தார்கள். "அப்பா, நான் பி-யாம்! உங்களுக்கு ஆகாத வகை!" என்று போனில் சிரித்தாள்.

மனைவி ஃபுமியே ஓ வகை. ஏ-யும் ஓ-வும் சேர்ந்தால் ஏ பிறக்கும், ஓ பிறக்கும், பி பிறக்கவே பிறக்காது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவரே நடத்துகிற பாடம் இது. அப்படியானால் நகிசா யார் பிள்ளை? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. பெண் தனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்ற திகில் வேறு. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அவர் முன்னால் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

ஃபுமியே சோற்றுக் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள்.

"மனசுல இருக்கறத வாயத் தெறந்து கேளுங்களேன்."

"ஒண்ணுமில்ல."

"எனக்கா தெரியாது? நான் ஓ. என்கிட்ட குடுக்கறதுக்கு பி-யே இல்ல. அப்ப அது அப்பன்கிட்டருந்துதான் வந்திருக்கணும். அப்பன் நீங்கதான், அதுல எனக்குச் சந்தேகமில்ல. உங்க ரத்தத்த யாரு பாத்தா, அதச் சொல்லுங்க."

"அம்மாதான் ஏ-ன்னு சொன்னாங்க."

"அவங்களுக்கு எப்படித் தெரியுமாம்?"

"மூணு வயசுலயே செருப்ப ஜோடி ஜோடியா அடுக்கி வைப்பேனாம்."

"அட கடவுளே! செருப்பப் பாத்தா ரத்தம் தெரியும்? கெளம்புங்க டாக்டர்கிட்ட!"

விரலில் ஒரு குத்து. சுத்தமான பி. கட்சுமி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அத்தனையும் சந்தோஷம்.

"எத்தன வருஷமா பி-காரங்கள வாய்க்கு வந்தபடி பேசினீங்க!" என்றாள் ஃபுமியே.

"உன்னையும் சந்தேகப்பட்டேனே, மன்னிச்சிடு."

"அதுக்கு அப்புறம் வச்சிக்கறேன்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மறுநாள் காலை தொலைக்காட்சியில் ஏ முதலிடம். பழக்கதோஷத்தில் கையைத் தட்டப் போனவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கடைசியாக பி வரும்வரை காத்திருந்து, உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"நகிசா, டிவி பாத்தியா? இன்னிக்கு நமக்குக் கடைசி எடம்டா கண்ணு!"