அத்தை கையும் நர்சரி மண்ணும்

தேயிலைக் கன்று வளர்க்கும் கறுப்புப் பொலித்தீன் பை எங்கே கண்ணில் பட்டாலும் எனக்கு அத்தை ஞாபகம்தான். அப்பாவின் தங்கை. இலங்கையில் தெரணியகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் அவருக்கு எப்போதும் நர்சரி வேலை. அவர் குத்திய தேயிலைக் குச்சி வேர்விடாமல் போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனாலேயே நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் யார் விதை போட்டாலும் முதல் விதையை அத்தை கையால் போடச் சொல்வார்கள். அவர் கைராசியில் அவ்வளவு நம்பிக்கை. மாமா இறந்ததோடு அந்த அழைப்பு நின்றுபோனது. முகத்துக்கு நேரே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விதை போடும் நாளில் அத்தையின் அறைக் கதவைத் தாண்டி அடுத்த காம்பரா அக்காவைக் கூட்டிப் போனார்கள், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாமான் விலையெல்லாம் எகிறி, ஆளாளுக்கு வாசலில் எதையாவது நட்ட காலம் அது. அத்தையும் நர்சரியில் கழித்துப் போட்ட பைகளை மண்ணோடு கேட்டு வாங்கிவந்து மிளகாய் விதை போட்டார். முளைத்தது, நான்கு இலை விட்டது, அதோடு நின்றுவிட்டது. காலையில் எழுந்ததும் இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். நேற்றுப் பார்த்த அதே நான்கு இலை, கொஞ்சம் மஞ்சளாக. தண்ணீர் கூடிவிட்டதோ என்று குறைத்தோம். வெயில் போதவில்லையோ என்று மேலே போட்டிருந்த தழையை எடுத்தோம். இலையைத் திருப்பிப் பூச்சி தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. ஒருநாள் அத்தை பையைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க நெனச்சது சரிதான் போல புள்ள. மாமா போனதோட என் கையும் போயிருச்சு" என்றார்.

"சும்மா இருங்க அத்தை! நீங்க தாலி போட்டிருக்கீங்களா இல்லையான்னு செடிக்குத் தெரியுமா?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அது ஏன் வளரவில்லை என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

சில நாள் கழித்து, குசினிக்குப் பின்னால் சாம்பலும் மரக்கறிக் கழிவும் கொட்டுகிற இடத்தில் அத்தை ஒரு மிளகாய்ச் செடியைக் கண்டார். தானாக முளைத்தது. கரும்பச்சையாகக் கிளைவிட்டுப் பூவும் வைத்திருந்தது. அதன் முன்னால் குந்திக்கொண்டு, "இத யாரு கை நட்டுச்சு?" என்றார். என்னைக் கேட்டாரா, செடியைக் கேட்டாரா தெரியாது. பிறகு அந்த மண் ஒரு கை, நர்சரி மண் ஒரு கை என்று எடுத்து மாறி மாறி மோந்து பார்த்தார். அன்றைக்கே நான்கு பை தயாரானது. இரண்டில் நர்சரி மண், இரண்டில் குப்பை மண். ஒவ்வொரு மண்ணிலும் ஒரு விதை அவர் கையால், ஒன்று என் கையால். "ஒனக்குக் கல்யாணமே ஆகல. ஒன் கை எந்தக் கணக்குல வரும்னு பாப்போம்" என்று சிரித்தார். மாமா போனபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

குப்பை மண்ணில் போட்ட இரண்டும் கிடுகிடுவென்று எழுந்தன. அவருடையது என்னுடையதைவிடக் கொஞ்சம் உயரம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நர்சரி மண்ணில் போட்ட இரண்டும் நான்கு இலையோடு முறைத்துக்கொண்டு நின்றன, அவர் கை, என் கை என்ற பேதமில்லாமல். தேயிலைக்கு வேண்டியது எரு கலக்காத புளிப்பு மண். மிளகாய்க்கு அது ஆகவே ஆகாது. தேயிலையோடு பிறந்து வளர்ந்த எங்களுக்கு நல்ல மண் என்றால் நர்சரி மண் என்றே மனதில் பதிந்திருக்கிறது. லயம் முழுக்க அதைத்தான் அள்ளி வந்திருந்தார்கள்.

அந்த வாரமே அடுத்த காம்பரா அக்கா மஞ்சளடித்த செடி இருந்த ஒரு பையோடு தயங்கித் தயங்கி வந்தார். "பெரியம்மா, நான் போட்டது ஒன்னுமே வளர மாட்டேங்குது. என்னான்னு பாருங்களேன்."

அத்தை பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒன் வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?"

"நல்லாத்தான் இருக்காரு. மலைக்கு வேலைக்குப் போயிருக்காரு. ஏன் கேக்குறீங்க?"

"அப்ப மண்ணுதான்" என்றார் அத்தை.