சனிக்கிழமைக் கதையும் கருங்கல் கணவன்மாரும்

வாசகசாலை நடத்துவது என்றால் புத்தகங்களோடு காலம் தள்ளுவது என்று நினைப்பவர்கள் அந்த வேலையைப் பார்க்காதவர்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், மல்லுக்கட்டெல்லாம் மனிதர்களோடுதான்.

எங்கள் வாசகசாலை கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒற்றை அறை. இரண்டு பெஞ்சு, ஒரு நீள மேசை, கதவு சரியாக மூடாத ஓர் அலமாரி. உலகப் போர் நடந்த காலத்தில் சண்டைச் செய்தி தெரிந்துகொள்ள ஊர்க்காரர்கள் கூடி ஆரம்பித்தது. போரும் முடிந்து சுதந்திரமும் வந்த பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது. இனிமேல் கூட்டம் குறையும், நிம்மதியாக உட்கார்ந்து நாமும் நாலு புத்தகம் படிக்கலாம் என்று நம்பி ஒப்புக்கொண்டேன். இதே மாதிரி நம்பி ஏமாந்தவர்கள் உங்களில் எத்தனை பேரோ!

ஆளுக்கொரு தாள்

தமிழ்ப் பேப்பர் ஒன்று, மலையாளப் பேப்பர் ஒன்று. வந்த நிமிஷமே தாள் தாளாகப் பிரித்துவிடுவார்கள். ஒருவர் முடித்தால் அடுத்தவரோடு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருநாள் முதல் பக்கத்தில் பெரிய கொள்ளைச் செய்தி வந்து, மீதி ஐந்தாம் பக்கம் என்று போட்டிருந்தது. ஐந்தாம் பக்கத்தை வைத்திருந்த தையல்காரரோ அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிரே இருந்த சாயாக்கடைக்குப் போய்விட்டார். முதல் பக்கத்துக்காரர் எழுந்து ஓடிப்போய்ச் சாயாக்கடை வாசலில் நின்று கத்தினார்: “தாளைத் தர வேண்டாம் வே! கள்ளன் அம்பிட்டானா இல்லியாண்ணு மட்டும் செல்லிட்டுச் சாயா குடியும்!”

மிளகும் சமாதானமும்

கொரியாவில் சண்டை மூண்டதும் மிளகு விலை ஏறியது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து சந்தைக்கு வரும் மிளகு வியாபாரி சாயிபு, அதுவரை எங்கள் படியை மிதித்ததே இல்லை. இப்போது சந்தை நாள்களில் முதல் ஆளாக வந்து நிற்பார். நம் பக்கத்து ஊர்களுக்கே வழி கேட்டுப் போகிற மனுஷர், கொரியாவில் எந்த மலைக்கு அப்பால் எந்தப் படை நிற்கிறது என்று எனக்கு விளக்குவார்.

ஒருநாள் சமாதானப் பேச்சு தொடங்கப்போவதாகக் கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. சாயிபு பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “நல்ல செய்திதானே?” என்று கேட்டேன். அவர் சொன்னது: “சமாதானம் வேண்டாண்ணு நான் செல்லுவேனா சாரே? வாங்கிப் போட்ட மிளகு காய இன்னும் ஒரு வாரம் ஆவும். அது கழிஞ்சு வரப்படாதாண்ணுதான் கேக்கேன்.”

கதை சுமப்பவர்கள்

சனிக்கிழமை நாகர்கோவில் பஸ்ஸில் வாரப் பத்திரிகை வரும். அதில் ஒரு தொடர்கதை. ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் அதன் மேல் உயிர். ஆனால் பத்திரிகை வாசகசாலையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. பெண்கள் உள்ளே வரக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, ஆனாலும் ஒருத்தியும் வந்ததில்லை. அதனால் கணவன்மார் வந்து படித்து, கதையைச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். இது எங்கள் ஊர் ஏற்பாடு.

இதில் படாத பாடு பட்டவர் வெற்றிலைக் கடைப் பொன்னையன். அவர் மனைவி தங்கம்மை எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஒரே ஒரு வாரமாவது அந்தக் கதையைத் தன் கண்ணால் படித்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ‘ஒரு ராத்திரிக்குப் பத்திரிகையைக் கொடுத்துவிடச் சொல்லுங்க’ என்று வாராவாரம் சொல்லி அனுப்புவாள். நானும் வாராவாரம் விதியைக் காட்டுவேன். கிடைக்காத கோபத்தை அவள் பொன்னையனிடம் குறுக்கு விசாரணை நடத்தித் தீர்த்துக்கொள்வாள். அதற்குப் பயந்து அவர் கிளம்புமுன் என்னிடம் வந்து ஒத்திகை பார்ப்பார்: “கதை கிடக்கட்டு சாரே. அந்தப் பெண்ணு அழுதாளா, அழுகை வந்தும் அடக்கீட்டாளா? எனக்க வீட்டில அதைத்தான் கேப்பா.”

வராத வாரம்

ஒரு மழைக்காலச் சனிக்கிழமை ரோட்டில் வெள்ளம் புரண்டு பஸ் வரவில்லை, பத்திரிகையும் வரவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போகப் பொன்னையனுக்குத் தைரியம் இல்லை. போகிற வழியில் சொந்தமாக யோசித்து, கதாநாயகியை ஆற்றில் தள்ளிவிட்டார். தங்கம்மை அழுத அழுகையில் அன்றைக்கு அடுப்பே எரியவில்லை.

மறுநாள் குளத்தங்கரையில் தங்கம்மை பார்த்தால், வண்டிக்காரர் தாசனின் மனைவி சிரித்த முகமாய் இருக்கிறாள். தாசன் தன் வீட்டில் அதே கதாநாயகியை மதராசுக்கு ரயிலேற்றி அனுப்பியிருந்தார்! தங்கம்மை ஈரச் சேலையோடு நேரே வாசகசாலை வாசலுக்கு வந்தாள். அந்தப் பெண் ஆற்றிலா, ரயிலிலா என்று கேட்டாள். பத்திரிகையே வரவில்லை என்று நான் சொல்லித் தொலைத்தேன். உள்ளே பொன்னையன் மலையாளப் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அவருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. தங்கம்மை சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்: “இனி அந்தக் கதையை எனக்க கண்ணால படிச்ச பொறவுதான் நம்ம வீட்டில அடுப்பு பத்தும்.”

கணவன்மார் தீர்மானம்

மூன்று நாள் சாயாக்கடைப் பலகாரத்தில் காலம் தள்ளிய பொன்னையன், வாசகசாலைக் கமிட்டியைக் கூட்டும்படி என் காலில் விழாத குறை. பெண்கள் வந்து படிக்கச் சனிக்கிழமை பிற்பகலை ஒதுக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. தலைவருக்குப் பிடிக்கவில்லை. பெண்கள் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டார். பொன்னையன் எழுந்து நின்றார். “பிள்ளையள நான் நோக்குதேன், வீட்டையும் நான் நோக்குதேன். கதை மட்டும் செல்ல வைக்காதீங்க!” அங்கிருந்த கணவன்மார் அத்தனை பேரின் கையும் ஒன்றாக மேலே எழுந்தது. கடைசியில் தலைவரும் தூக்கினார். அவர் வீட்டிலும் இதே கதைதானாம்.

கண்ணால் படித்தது

அந்தச் சனிக்கிழமை ஏழெட்டுப் பெண்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். தங்கம்மை மட்டும் விறுவிறுவென்று படியேறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. போன வார இதழும் சேர்ந்து வந்திருந்ததால் இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன். கதாநாயகி ஆற்றிலும் விழவில்லை, ரயிலும் ஏறவில்லை. இரண்டு வாரமாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கம்மை ஒரு வரி விடாமல் இரண்டு முறை படித்தாள். பத்திரிகையை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: “எனக்க ஆளு செல்லிய கதை இதைவிட நல்லாருந்து சாரே. அவருகிட்டச் செல்லீராதீங்க. தெரிஞ்சா, ‘பின்ன நானே செல்லுதேன், நீ வீட்டிலேயே இரு’ண்ணு செல்லிருவாரு.”

‘பேசக் கூடாது’ என்று எங்கள் வாசகசாலைச் சுவரில் எழுதி வைத்திருந்ததை, அத்தனை வருஷத்தில் இந்த ஒரு விஷயத்திலாவது முழுசாகக் கடைப்பிடித்தவன் நான் ஒருவன்தான்.