யேசுதாஸ் எழுப்பிய கடல் சுவர்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற யேசுதாஸுக்கு எதையும் நிமிர்த்தி நிறுத்தினால்தான் திருப்தி. திருவொற்றியூர் கடலோரத்தில் இருந்த அவர் வீட்டு முற்றத்துக்குள் புயலுக்குப் புயல் அலை புகுந்துகொண்டிருந்தது.

"தெருக்கோடில சர்க்கார் கல்லு கொட்டிக்கீதே, அது மாதிரி சரிவா போட்டுக்கலாம்யா" என்றாள் மனைவி ஐரீன்.

"கல்குவியலா? கலீஜா இருக்கும்."

பக்கங்களில் ஏற்கெனவே மதில் இருந்தது. கடலைப் பார்த்த பக்கம் இரட்டைக் கம்பி கட்டி, ஆளுயரத்துக்கு கான்கிரீட் சுவர் எழுப்பி, நீலப் பெயின்ட் அடித்தார். பங்குச் சாமியாரை அழைத்துத் தீர்த்தமும் தெளிக்க வைத்தார்.

கார்த்திகையில் புயல் வந்தது. முதல் அலை சுவரில் மோதித் திரும்பியதும் யேசுதாஸ் கைதட்டினார். அடுத்தது தாண்டிக் குதித்தது. அதன் பின்னால் வந்தவையும் குதித்தன. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக, சுவரில் ஒரு துளைகூட இல்லை.

ஐரீன் கட்டில்மேல் ஏறி நின்றாள். "கடல வெளில நிறுத்தச் சொன்னா, உள்ள புட்ச்சி வச்சிக்கினியேய்யா!"

பக்கத்து வீட்டு வரதன் மதில்மேல் தலை நீட்டினான். "மாமு, உங்க வூட்ல மடவ மீனு துள்ளிக்கினு கீது. வல வீசிக்கட்டா?"

யேசுதாஸ் கடப்பாரையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சுவரைக் குத்தினார். சின்னச் சில்லுதான் தெறித்தது.

"பாத்தியா ஐரீன், இன்னா ஸ்ட்ராங்கு!" மூச்சு வாங்கியது அவருக்கு.

"சந்தோசம். ஒட்ச்சித் தொலய்யா!"

அவர் உடைக்க வேண்டியிருக்கவில்லை. மோதித் திரும்பிய அலைகள் சுவரின் அடிமணலை வாரிக்கொண்டு போயிருந்தன. மறுநாள் காலையில் சுவர் ஒரு விரிசல்கூட விடாமல், முழுசாகக் கடல் பக்கம் படுத்துவிட்டது. முற்றத்துத் தண்ணீர் மொத்தமும் அதன்மேல் ஏறி வெளியே ஓடியது. உறவுக்காரர் சாவுக்கு வந்தவர்போல் யேசுதாஸ் கைகட்டி நின்றார்.

பிறகு தெருக்கோடிக்குப் போய்ப் பார்த்தார். சரிவான கற்குவியல் அப்படியே இருந்தது. அலை அதில் ஏறி, இடுக்குகளில் புகுந்து, வேகம் செத்துத் திரும்பியது.

அதேபோல் தன் வீட்டுக்கும் போட்டார். அடியில் மணல் நழுவாமலிருக்கத் தடித்த துணி, அதன்மேல் சிறு கல், அதற்கும் மேல் பெரும் பாறைகள். தண்ணீர் வடிய வழியும் விட்டார்.

அடுத்த வருடப் புயலில் முற்றத்துக்கு வெறும் நுரைதான் வந்தது. அடிக்கொருதரம் குடையோடு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார் யேசுதாஸ்.

"இன்னா ஆச்சு?" என்று ஐரீன் கேட்டாள்.

"ஒண்ணியும் ஆவல" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "கொடதான் பறந்துபூட்ச்சி."